கட்டில்லாக் கிணறும் மூடியில்லா வாளும்

புது வீடு கட்டுகிறவன் அதன் தட்டையான கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, எவனாவது அங்கிருந்து விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும். மோயீசன் வழியாக இஸ்ராயேலர் பெற்ற சட்டங்களுள் இப்படியும் ஒன்று உண்டு. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம், 8ஆம் வசனம். (எமது பெற்றோர் இந்நூலை உபாகமம் என்பார்கள்.) ஞாயிறு வாசகங்களில் இது வருவதில்லை. வந்தாலும், ஓட்டு வீட்டில் வாழும் எமக்கு இதில் என்ன இருக்கிறதென்று கேட்டுவிட்டு இருந்துவிடுவோம்.

ஆனால் எமக்குக் கிணறு இருக்கிறது. ஆறில்லாத இந்தக் குடாநாட்டிலே, சுண்ணக்கல்லைத் துளைத்து வீட்டுக்கொரு கிணறு, தோட்டத்துக்கொரு கிணறு என்று வெட்டி வைத்திருக்கிறோம். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம் கிணற்றுக்காரனையும் விட்டுவைக்கவில்லை. குழி வெட்டியவன் அதை மூடாமல் விட்டு, அதில் அயலவனின் மாடோ கழுதையோ விழுந்தால், வெட்டியவனே விலை கொடுக்க வேண்டும். 'மாட்டுக்குக் கண் இல்லையா? பார்த்து நடந்திருக்கக் கூடாதா?' என்று மோயீசனின் சட்டம் கேட்கவில்லை. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல வருடங்களின் பின் தம் காணிகளுக்குத் திரும்பியபோது, பற்றைக்குள் முதலில் தேடிய இடங்களில் கிணறும் ஒன்று. கட்டு இடிந்த கிணறு எங்கே வாய் திறந்து கிடக்கிறதென்று தெரியாமல் பிள்ளைகளை எப்படி இறக்கி விடுவது?

நான் எழுத வந்தது கிணற்றைப் பற்றி அல்ல, ஒரு மெசினைப் பற்றி.

எமது ஊரிலே ஒரு தச்சர் இருக்கிறார். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, அடுத்த வருடமே கடன்பட்டுப் பலவேலை மெசின் ஒன்றை வாங்கினார். ஒரே இரும்புத் தண்டு. அதன் ஒரு முனையில் வட்டவாள், நடுவிலே பலகை சீவும் உருளை, மறுமுனையில் துளையிடும் பகுதி. மூன்று ஆளின் வேலையை அது செய்தது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து நடந்தபோது, அதைத் தகரத்தால் மூடிவிட்டுத் தென்மராட்சிக்குப் போனார். மறு வருடம் திரும்பி வந்தபோது மோட்டாரைக் காணவில்லை. இரும்பு உடல் மட்டும் நின்றது. பிறகு நெடுங்காலம் கைவாளும் சீவுளியும்தான். கோழிகள் அதன் மேல் ஏறி நின்றன.

இரண்டு வருடங்களுக்கு முன், தமக்கையின் மகன் தொழில் பழக வந்த இடத்தில், அதைத் திருத்துவோம் என்று பிடிவாதம் பிடித்தான். துருவைச் சுரண்டினார்கள்; பெயரிங்குகளை மாற்றினார்கள்; புது மோட்டாரும் பெல்ட்டும் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். தண்டு சுழலும் சத்தம் தேனீக் கூட்டம் போல ஒரே சீராக இருந்தது. வாளுக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை.

"இதின்ரை காப்பு எங்கை?" என்று கேட்டேன்.

"அது சண்டைக்குள்ளை போயிட்டுது, மாஸ்ரர்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி சொன்னா: "சண்டைக்குள்ளை ஒண்டும் போகேல்லை. வாங்கின கிழமையே இடைஞ்சல் எண்டு கழட்டிக் கோழிக்கூட்டுக்கு மேலை எறிஞ்சவர்."

அவர் சிரித்தார். இடக்கையின் சுட்டுவிரல் அவருக்குப் பாதிதான். அதுவும் சண்டையில் போனதல்ல என்பது ஊருக்கே தெரியும். போர் எமக்குச் செய்த கேடு மலையளவு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் எமது கையால் நாமே கழற்றி எறிந்தவற்றையும் அந்தக் கணக்கிலே எழுதிவிடுகிற பழக்கம் எமக்குள் வளர்ந்திருக்கிறது. இது தச்சருக்கு மட்டும் உரியதல்ல.

காப்பைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. மெசினைச் செய்த நிறுவனம் மூடப்பட்டு நெடுங்காலமாகி விட்டது. கொழும்புக் கடைகளில் காப்புகள் இருந்தன. எல்லாம் வேறு மெசின்களுக்கு உரியவை. கடைசியில் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒன்றை அனுப்பிவைத்தார். பார்வைக்கு அச்சாகப் பொருந்தியது. அங்கேதான் நான் ஒரு பாடம் படித்தேன்.

வட்டவாளின் காப்பு என்பது மேல்மூடி மட்டுமன்று. வாளுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், பிறை வடிவில் ஓர் உருக்குத் தகடு நிற்க வேண்டும். மரம் அறுபடும்போது உள்ளே அடங்கியிருந்த முறுக்கு விடுபட்டு, வெட்டிய பிளவு மீண்டும் மூடப் பார்க்கும். வேம்பு போன்ற பின்னல் இழை மரத்தில் இது அதிகம். பிளவு மூடினால், மேலெழும்பி வரும் பின்பற்களை அது கவ்வும். வாள் பலகையைத் தூக்கி, தள்ளுகிறவனின் வயிற்றை நோக்கி எறியும். 10 அங்குல வாள் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால், அதன் பல் மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பலகை பின்னால் பாய, தள்ளிய கை முன்னால் விழும். விரல்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். பிளவை மூடவிடாமல் பிடிப்பது அந்தப் பிறைத்தகட்டின் வேலை. அது வாளின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், பற்கள் வெட்டும் பிளவைவிடச் சற்று மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வந்த காப்பின் தகடோ பழைய தடித்த வாளுக்குச் செய்தது. இவரிடம் இருந்தது புதிய மெல்லிய வாள். பலகை பாதி வழியில் தகட்டிலே இறுகி நின்றது. பெடியன் இன்னும் பலமாகத் தள்ளினான். நான் கத்தியே விட்டேன்.

ஆகவே பொருந்தாத காப்பு, காப்பே இல்லாததைவிட மோசமாகலாம். காப்பில்லாதவன் பயந்து வேலை செய்கிறான். பொருந்தாத காப்புள்ளவன் பயமின்றிச் சாய்ந்து தள்ளுகிறான்.

இதற்கிடையில் எமது பங்குச் சபை அவரிடம் பன்னிரண்டு வாங்குகளுக்குச் சொல்லியிருந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் வேண்டும். முற்பணமும் கொடுத்தாயிற்று. காப்பு வரும்வரை மெசினை நிறுத்திவைத்தால் வாங்கு வராது. கைவாளால் அறுத்தால் நாள் போதாது. "மாஸ்ரர், இவ்வளவு காலமும் இல்லாமல்தானே செய்தனாங்கள். மாதா காப்பாத்துவா" என்றார். பங்குச் சபையில் நானும் ஓர் அங்கத்தவன். அன்று வாய் திறவாமல் வீட்டுக்கு வந்தேன்.

இரவு நித்திரை வரவில்லை. ஒன்றும் நடக்காவிட்டால் அது பாவமா? வெட்டுப்படுகிற கை அவருடையதென்றால், தன் கையைத் துணிகிற உரிமை அவருக்கு இல்லையா? வேலை கொடுக்கும் எமக்கு அதில் என்ன?

புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பிலே, தற்செயலாக ஒருவனின் சாவுக்குக் காரணமானவன் கொலைப்பழிக்கு உள்ளாவானா என்று ஆராய்கிறார். நல்ல காரியத்தை உரிய கவனத்தோடு செய்தவன் மேல் பழியில்லை என்கிறார். ஆனால் அகற்ற வேண்டிய ஆபத்தை அகற்றாமல் விட்டவன், சாவை அவன் விரும்பாவிட்டாலும், ஒரு வகையில் விரும்பிச் செய்தவன் போலாகிறான் என்றும் சொல்லுகிறார். கைப்பிடிச் சுவரின் சட்டமும் இதுவே. ஆள் விழுந்த நாளில் அல்ல, சுவர் எழுப்பாமல் குடிபுகுந்த நாளிலேயே குற்றம் தொடங்கிவிட்டது. 1970இன் திருப்பலி நூலிலே, பூசைத் தொடக்கத்துப் பாவ அறிக்கையில், செய்யத் தவறியதையும் சேர்த்துச் சொல்லும்படி திருச்சபை எமக்குக் கற்பித்தது. அந்தச் சொல்லை வாரந்தோறும் மார்பில் தட்டிச் சொல்லுகிறோம். எதை நினைத்துச் சொல்லுகிறோம்?

தன் கை தன் உரிமை என்ற வாதம் அவரளவில் ஓரளவு நிற்கலாம். ஆனால் மெசினடியில் நிற்பது அவர் மட்டுமா? பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு அவருடைய நாற்பது வருடப் பழக்கம் இல்லை. மாமனின் பாதி விரலைப் பார்த்து, தச்சன் என்றால் இப்படித்தான் என்று நினைக்கப் பழகிவிட்டான். மாதா காப்பாள் என்பதற்கோ, கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வேதவாக்கையே எடுத்துக்காட்டிய சாத்தானுக்கு ஆண்டவர் கொடுத்த மறுமொழி போதும். கடவுளைச் சோதிப்பது விசுவாசம் ஆகாது.

சட்டமும் இல்லாமல் இல்லை. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் ஆபத்தான இயந்திரப் பகுதிகள் மூடப்பட வேண்டுமென்கிறது. அதற்கு முந்திய 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டம் காயப்பட்ட வேலையாளுக்கு நட்டஈடு தருவது. பனையோலைக் கொட்டிலில் மாமனும் மருமகனும் செய்யும் வேலையை எந்தப் பரிசோதகர் வந்து பார்ப்பார்? அமெரிக்காவிலே ஸ்ரீபன் காஸ் என்ற பௌதிகம் படித்த வழக்கறிஞர், தசை பட்டவுடன் மின்னோட்ட மாற்றத்தால் அதை அறிந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் நின்றுவிடும் வாளை 1999இல் கண்டுபிடித்தார். விரலுக்குப் பதில் சொசேஜ் ஒன்றை வைத்துக் காட்டினாராம். பெரிய நிறுவனங்கள் ஏற்கத் தயங்கவே, தாமே செய்து விற்கத் தொடங்கினார். நல்லது. ஆனால் அந்த வாள் எமது தச்சரின் கொட்டிலுக்கு இப்போதைக்கு வரப்போவதில்லை.

எனக்கு உறுத்தியது எமது பங்குதான். 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1ஆந் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில், உழைப்பு மனிதனுக்காகவே அன்றி மனிதன் உழைப்புக்காக அல்ல என்று விளக்கி, உடலைக் கெடுக்காத வேலையிடம் உழைப்பவரின் உரிமை என்றார். இவற்றையெல்லாம் மே மாதத்தில் நாம் மேடையில் பேசுகிறோம். பீடத்தருகில் சூசையப்பரின் சுரூபத்துக்குப் பூமாலை போடுகிறோம். அவருடைய தொழிலைச் செய்கிறவனிடம் விலை கேட்டோம், திகதி கேட்டோம். காப்பு இருக்கிறதா என்று கேட்டோமா? அவசரப்படுத்தியவர்கள் நாங்கள். முறிகிற விரலுக்கு மட்டும் அவர் தனியே பொறுப்பா?

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோருக்கும் பிடிக்கவில்லை. "மாஸ்ரர் மெசினுக்கும் ஞானப்பிரசங்கம் வைக்கத் தொடங்கிட்டார்" என்று ஒருவர் பகிடி பண்ணினார். வேறொருவர், அப்படியானால் வேலையைப் பட்டினத்தில் பெரிய தளபாடக் கடைக்குக் கொடுப்போம், எமக்கேன் வில்லங்கம் என்றார். இதுதான் எனக்கு அதிகம் பயம் தந்த பேச்சு. காப்பில்லாத ஏழையை விட்டுவிட்டுக் காப்புள்ளவனிடம் போவது எமது மனச்சாட்சியைச் சுத்தமாக்கும். அவருடைய கையைக் காப்பாற்றாது. வேலை போனவர் இன்னும் அவசரமான வேலையை இன்னும் குறைந்த கூலிக்கு அதே வாளில்தான் அறுப்பார். பங்குத்தந்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாங்குகள் பிந்தட்டும், காப்புக்கான செலவை வாங்குக் கணக்கிலே சேருங்கள் என்று முடித்துவைத்தார்.

காப்பைச் செய்தவர் கேற்றுகள் ஒட்டும் வெல்டிங் கடைக்காரர். முதலில் அதை மேசையில் பூட்டினார்கள். அந்த மெசினில் வாள் ஏறி இறங்குவதில்லை, மேசையே ஏறி இறங்கும். மேசையைத் தாழ்த்தியதும் மூடியின் உட்புறம் பல்லில் உரசித் தீப்பொறி பறந்தது. பிறகு மெசினின் உடலிலேயே ஒரு தாங்கியை ஒட்டி அதில் பூட்டினார்கள். பிறைத்தகட்டைப் பழைய பெரிய கைவாளொன்றின் உருக்கிலிருந்து வெட்டி, அளவுகோலால் பலமுறை பார்த்துத் தேய்த்தெடுத்தார்கள். மரம் அறுக்கும்போது அதே தண்டில் சும்மா சுழலும் சீவல் உருளைக்கும் பலகையால் ஒரு மூடி செய்தான் பெடியன். தள்ளுகட்டை இரண்டும் செய்து ஆணியில் தொங்கவிட்டான். எல்லாமாக மூன்று கிழமை பிடித்தது.

கொடியேற்றத்துக்கு ஏழு வாங்குகள்தான் வந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் வழமைபோலப் பாயில் இருந்தார்கள். மற்ற ஐந்தும் திருவிழா முடிந்து பத்தாம் நாள் வந்து சேர்ந்தன. அவற்றை இறக்கிவைத்துவிட்டுத் தச்சர் என்னிடம் சொன்னார், மூடி கண்ணை மறைக்கிறதாம், அறுக்கிற கோடு சரியாகத் தெரிவதில்லையாம். கழற்றிவிடுவாரோ என்று கேட்டேன். "பெடியன் விடான்" என்றார்.