அழும் குழந்தையும் அயலார் சொல்லும்



பொம்மனஹள்ளியின் வரிசை வீடுகளில் நள்ளிரவில் ஒரு சிசு அழுதால் அண்டை வீடுகள் யாவும் விழிக்கும். எடுத்து அணைத்தால், "செல்லங்கொடுத்துக் கெடுக்கிறாள்" என்பர். தொட்டிலில் விட்டால், "கல்நெஞ்சக்காரி" என்பர்.

அதுலன் என்னும் உபாசகனின் கதையைத் தம்மபத உரை கூறுகிறது. ரேவதர் பேசவேயில்லை என்று அவன் குறை கூறினான். சாரிபுத்தர் மிகப் பேசினார் என்றான். ஆனந்தர் சுருக்கிவிட்டார் என்று சினந்தான். பழிக்கப்படாதவர் எவருமிலர், புத்தரும் விலக்கல்லர் என்று பகவன் அவனுக்கு உணர்த்தினார். அவருக்கே தப்பாத பழி, பிள்ளை பெற்று நாற்பது நாளான பெண்ணுக்கா தப்பும்?

பிரேசல்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 80 சிசுக்களை ஆராய்ந்து 1962-இல் எழுதினார். அழுகை ஆறாம் வாரத்தில் உச்சமடைகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டேமுக்கால் மணி நேரம்! பின்பு தானே தணிகிறது. ஆகவே இது தாயின் குற்றமன்று. காய்ச்சலோ, பால் மறுத்தலோ, ஓயாத வீறிடலோ கண்டால் மட்டும் உடனே மருத்துவரிடம் செல்க. யார் சொன்னாலும் தேனும் வசம்பும் புகட்ட வேண்டா.

சினம் மூண்டால் குழந்தையைக் குலுக்காதீர்; உயிருக்கே கேடு. தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சற்று அப்பால் நின்று மூச்சைக் கவனியுங்கள்.

நாமும் ஆலைச் சங்குக்கு எழுந்தவர்களே. உறக்கம் கெட்ட தொழிலாளியின் துன்பமும் துன்பந்தான். அவர் கதவைத் தட்டினால் தந்தை எழுந்து செல்லட்டும். "இன்னும் ஓரிரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணா" என்று பணிவாய்ச் சொல்லட்டும்.