காவல் நாயைக் கட்டிவைத்த இரவு

வீட்டுக் காவலுக்கென்று வளர்த்த நாய் வீட்டாரையே கடிக்கத் தொடங்கினால் அதைக் கட்டிவைப்பதன்றி வேறு உபாயமில்லை. ஆனால் கட்டிவைத்த அன்றிரவே தெருவில் திருடன் நடமாடுகிறான் என்று செய்தி வந்தால், கட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்ற தர்மசங்கடம் பிறக்கிறது. கிரோன் நோயோ பெருங்குடல் புண்ணழற்சியோ உடையவர்கள் 2020 மார்ச் மாதத்தில் இந்த நிலையில்தான் நின்றார்கள். குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்மீது சினங்கொண்டு குடற்சுவரையே புண்ணாக்கும் தம் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைத்திருந்த அவர்களுள் பலருக்கு, கொரோனா என்ற பெயர் காதில் விழுந்தவுடன், மருந்தை நிறுத்திவிடலாமா என்றே தோன்றியது.

அடக்கப்பட்ட சக்தி பகைவனை எதிர்க்காது என்பது அனுமானம். குறைசொல்ல முடியாத அனுமானந்தான். ஆயினும் நம் தர்க்க நூலார் பிரத்தியட்சம், அனுமானம் என்று அறிவின் வாயில்களை எண்ணினார்களேயன்றி, அச்சத்தை அவற்றுள் ஒன்றாக வைக்கவில்லை. அனுமானத்தைப் பிரத்தியட்சத்தோடு ஒத்துப்பார்க்க, வட கரோலினாப் பல்கலைக்கழகத்தாரும் நியூயார்க் மவுண்ட் சினாய் வைத்தியர்களும் கொரோனா தொற்றிய குடல் அழற்சி நோயாளிகளுக்கென அந்த மாதமே ஒரு பதிவேட்டைத் திறந்தார்கள். (1932-ல் கிரோனும் அவர் கூட்டாளிகளும் அவர் பெயர் கொண்ட நோயை விவரித்ததும் இதே மவுண்ட் சினாயில்தான்.) முதலில் வெளிவந்த கணக்கில் 33 நாடுகளைச் சேர்ந்த 525 நோயாளிகள் இருந்தார்கள், 16 பேர் இறந்திருந்தார்கள். அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்குவதால் எல்லாரும் அஞ்சிய ஊசிமருந்துகளால் கொரோனாவின் கடுமை கூடியதாகத் தெரியவில்லை. நெடுநாள் பழகிய ஸ்டீராய்டை உட்கொண்டவர்களிடமே கடுமைக்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 7 மடங்காக நின்றது.

இதிலும் அவசரப்படலாகாது. காலையில் ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரைகள் எட்டினை உள்ளங்கையில் எண்ணி வைத்து விழுங்குகிறவர், குடல் ஏற்கெனவே கனன்று எரிவதனால்தான் அதைச் செய்கிறார். ஆகையால் குற்றம் மருந்தினுடையதா, நெருப்பினுடையதா என்று முற்றும் பிரித்துரைக்க இயலாது. ஒன்று மட்டும் தெளிவு: அச்சத்தால் ஊசியை நிறுத்தியவரின் நோய் மீண்டும் மூண்டால், அதை அணைக்க அந்த ஸ்டீராய்டே தேவைப்படக்கூடும், அவர் எதற்கு அஞ்சி ஓடினாரோ அதன் வாசலுக்கே தம் கால்களால் நடந்துபோய்ச் சேர்கிறார்.

அவ்வாறாயின் ஸ்டீராய்டு தீயதா? பிரிட்டனில் நடந்து அதே ஆண்டு ஜூன் மாதத்தில் முடிவு வெளியான பரிசோதனையில், அவ்வினத்தைச் சேர்ந்த டெக்ஸாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் கிடந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை விளையவில்லை. நன்மையும் தீமையும் பொருளின் சுபாவத்தில் உறைவன என்று நாம் கொண்டிருக்கும் எண்ணம் இங்கே நிலைகுலைகிறது. மாத்திரை என்னும் சொல்லுக்கே அளவென்பது பொருள். இலக்கணத்தாருக்கு அது கண்ணிமைக்கும் காலம். மருந்துக்கு அப்பெயரை இட்டவர் இவ்வளவு யோசித்து இட்டாரோ என்னவோ, பெயர் பொருந்தியிருக்கிறது.

குடல் அழற்சி உள்ள அன்பர்களே, மருந்தை நிறுத்துவதாயின் உங்கள் வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள். அதுவரை மாத்திரைப் பட்டை மேசைமீதே இருக்கட்டும்.