இறக்கிவிடும் உரிமை யாருக்கு?

2024 பிப்ரவரியில், தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், மாட்டிறைச்சி எடுத்துச் சென்ற வயதான பெண்மணி ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிட்டார்கள். அடுத்த நிறுத்தத்திலாவது இறங்கிக்கொள்கிறேன் என்று அவர் கெஞ்சியும் பயனில்லை. அதற்கு முன், 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பவிருந்த அம்மா ஒருவரை நாற்றமடிக்கிறது என்று குளச்சலில் இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காணொளி ஊரெல்லாம் சுற்றியது. இரண்டு முறையும் ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். குளச்சலில் நேரக் காப்பாளரும் சேர்த்து. விவகாரம் அத்தோடு முடிந்தது.

முடியவில்லை என்பதே நம் கட்சி. பொதுப் பணத்தில் ஓடும் வண்டிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது; ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. முன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பின்னதைச் சொன்னால்தான் கணக்கேட்டைத் திறப்பார்கள். ஒரு பெண்ணை இறக்கிவிட்டால் பணியிடைநீக்கம். 'கலெக்‌ஷன் இல்லை' என்று கடைசி டிரிப்பை வெட்டி ஓர் ஊரையே இறக்கிவிட்டால்? அதற்குப் பெயர் நிர்வாகச் சீரமைப்பு. சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோனவளும், ஸ்பெஷல் கிளாஸ் முடித்த பிளஸ் டூ பெண்ணும் இருட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

வள்ளுவர் இறைமாட்சியில் பொருளை ஆக்குவது, சேர்ப்பது, காப்பது என்று அடுக்கி, பங்கிட்டுக் கொடுப்பதில் கொண்டுபோய் நிறுத்துகிறார். வெறும் சேமிப்பு அவருக்கு அரசாகத் தோன்றவில்லை. அதே அதிகாரத்தில் அரசன் காண்பதற்கு எளியவனாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். குக்கிராமத்து மனிதருக்கு அரசு அன்றாடம் கண்ணில் படுவது அந்த டவுன் பஸ்ஸின் உருவில்தானே? மணிமேகலையில் ஆபுத்திரன் பார்வையற்றோரையும் காது கேளாதோரையும் கால் முடங்கியோரையும் தேடிக் கூப்பிட்டுச் சோறிட்டான். இத்தனைக்கும் அவனே பிச்சையெடுத்தவன். மனுநீதிச் சோழனை மேடைதோறும் புகழ்கிறோம். அவன் வாசலில் ஆராய்ச்சி மணி ஒரு பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. நம் சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி. மூட்டுவலிக்காரப் பாட்டி கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுவதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். சக்கர நாற்காலிக்காரரைப் பற்றிப் பேச்சே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 41ஆம் பிரிவு போக்குவரத்தைப் பற்றியே பேசுகிறது. தாழ்தளப் பேருந்து சென்னைக்கு வந்திருக்கிறது. கிராமத்துக்குக் கேட்டால், சாலை சரியில்லை என்கிறார்கள். சாலையைப் போட வேண்டியவர்களும் அவர்களே!

நட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. டீசல் விலையும் சம்பளமும் ஓய்வூதிய நிலுவையும் போக்குவரத்துக் கழகங்களை நெரிக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் என்ன லாபம் ஈட்டின என்று யாரும் கேட்பதில்லை. பேருந்தை மட்டும் ஏன் கடைக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும்? 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குத் தருகிறது. நல்ல அறம். ஆனால் மறுவருடமே அமைச்சர் ஒருவர் மேடையில் அதை 'ஓசி' என்றார். வரி கட்டுகிறவரைப் பார்த்து ஓசி என்பவர், கீரைக்காரம்மா வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு என்பதை மறந்தவர். அந்த மனசுதான் கை காட்டும் பெண்கள் கூட்டத்தைத் தாண்டிப்போய் வண்டியை நிறுத்தச் சொல்கிறது. வராத பேருந்தில் டிக்கெட் இலவசமாக இருந்து யாருக்கு என்ன?

1997இல் வந்த தனியார் மினி பஸ் திட்டம் 2025இல் புது உருவில் திரும்பியிருக்கிறது. வரட்டும். ஆனால் தனியார் முதலாளி ஆளில்லாத ஊருக்கு அறத்துக்காக வண்டி ஓட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அந்த ஊர் அரசின் பொறுப்பு. ஒரு டிரிப்பை நிறுத்தும் முன் அந்த ஊர்க் கிராமசபையில் காரணத்தைச் சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும் என்று அரசு ஓர் ஆணை போடட்டும். டிப்போவில் முடிவெடுக்கும் அதிகாரி அன்று கடைசி டிரிப்பிலேயே அங்கே போய் வரட்டும்.