தொண்டரும் கணக்கும்

விடுமுறையில் தாயகம் செல்லும் நம் குடும்பங்களுள் பல, வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி சென்று மலையேறித் திரும்புவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. எல்லை கடந்ததும் பெயர்ப்பலகைகள் தெலுங்கெழுத்துக்கு மாறிவிடும். ஆயினும் திருமலைக் கோயிற் சுவர்கள் இன்னும் தமிழ் பேசுகின்றன. பல்லவ மரபினளான சாமவை என்னும் அரசி, 10-ஆம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்ததும், அதற்குப் பூட்டிய அணிகலன்களும், வழிபாட்டுக்கென விட்ட நிலமும் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கொடுத்த பொருள் எது, எதன்பொருட்டுக் கொடுத்தது என்பதை ஊரறிய எழுதிவைத்தனர் நம் முன்னோர்.

அம்மலையில் ஊதியமின்றிப் பணிபுரிவோர் பலர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீவாரி சேவையில் சேர்ந்து, வரிசைகளை ஒழுங்கு செய்தும் அன்னதானக் கூடத்தில் பரிமாறியும் மனநிறைவோடு ஊர் திரும்புகின்றனர். 2019-இல் தேவஸ்தானம் ஒரு முடிவு செய்தது. பின்தங்கிய பகுதிகளில் கோயில் எழுப்பவும் பழுதுற்ற கோயில்களைப் புதுப்பிக்கவும் அமைந்த ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை தருவோர்க்குச் சிறப்புத் தரிசனச் சீட்டு பெறும் உரிமை வழங்கப்பட்டது. நோக்கம் நல்லதே, வழிதான் சிலர் நெஞ்சை உறுத்தியது. பணம் எங்கே செல்கிறது என்ற ஐயம் அரசியல் மேடைகளிலும் எழ, 2023 ஜூனில் தேவஸ்தானம் வெள்ளை அறிக்கை வெளியிட்டு விடையளித்தது.

நெடுநேரம் காத்து நிற்கும் ஒருவர், "அவர் மட்டும் எப்படி முன்னே செல்கிறார்?" என்று கேட்பாரானால், அக்கேள்வி அருகில் நிற்கும் தொண்டரிடந்தான் வரும்; முடிவு செய்த குழுவினர் அங்கே நிற்பதில்லை. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொகையும் அதற்குரிய பயனும் அங்கே முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தன. தொண்டர் அம்முடிவை விரும்பாதவராக இருக்கலாம், அறியாதவர் அல்லர்.

நாங்கள் அறியாதவர்களாகவே நின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், தமிழர் அமைப்பொன்றின் பொங்கல் விழாவில் வாயிற்பணி எங்களுடையது. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த முதியவர் ஒருவரையும் அவர்தம் துணைவியாரையும், காது சற்று மந்தமென்பதால், முன்வரிசையில் அமர்த்தினோம். சிறிது நேரத்தில் செயற்குழுவிலிருந்து ஒருவர் விரைந்து வந்து, முதல் மூன்று வரிசைகளும் பெருந்தொகை அளித்தோர்க்கென முன்பே உறுதி செய்யப்பட்டவை என்று காதோடு சொன்னார். அவர்களை எழுப்பியதும் நாங்களே. முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, துணைவியாரின் கையைப் பற்றிக்கொண்டு பின்னே நடந்தார்.

அவ்வாண்டுக் கணக்கு ஒரு காசும் பிசகாமல் பொதுக்குழுவில் வைக்கப்பட்டது. பொருளாளர் நேர்மையானவர், அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. பின் எதனால் நெஞ்சு கனத்தது?

உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். முதற் பராந்தகன் காலத்தில், வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவராயினர். ஆனால் நாமோ கணக்கு என்பதை வரவு செலவுத் தாளோடு நிறுத்திக்கொண்டோம். என்ன வாக்குக் கொடுத்துப் பணம் பெறப்பட்டது என்பதும் கணக்கின் பகுதியன்றோ? தொண்டர் தம் கைகளை மட்டும் தரவில்லை. தம் முகத்தையும் தந்திருக்கிறார். அம்முகத்தைக் கொண்டே அமைப்பு ஊராரிடம் பேசுகிறது.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் விழா நடக்குமா என்பர் செயற்குழுவினர். நியாயமே; மண்டப வாடகைக்கு அலைந்தவர்களுக்கே அந்தக் கவலை தெரியும். முடிவு செய்யும் உரிமையைத் தொண்டர்க்குத் தரவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. நன்கொடையாளர் தம் பெயரை மறைக்க விரும்பினால் மறைக்கட்டும். பணம் கேட்ட நிபந்தனையை மட்டும், வாயிலில் நிற்பவர் அங்கே சென்று நிற்குமுன் அறிந்திருக்க வேண்டும். வேண்டாமென்று விலகவும் அவருக்கு இடமிருக்க வேண்டும்.

இதைச் செயற்குழுவிடம் சொன்னோம். சற்று மனத்தாங்கலுக்குப் பின் ஏற்றுக்கொண்டனர். மறு ஆண்டு, எவ்வரிசை எவர்க்கு என்று எழுதிய தாள் ஒன்று வாயிலில் ஒட்டப்பட்டது. தொண்டர்களுக்கு ஒரு திங்கள் முன்னரே செய்தி வந்தது. எங்களுள் நால்வர் வாயிற்பணி வேண்டாமென்று சொல்லிச் சமையற்கூடத்துக்குச் சென்றோம். எவரும் தவறாக எண்ணவில்லை. பொங்கல் பரிமாறும்போது அம்முதியவரைத் தேடினோம். அவர் ஊர் திரும்பிவிட்டதாக மகன் சொன்னார்.