அபராதத் தாளை எதிர்க்கலாமா?

இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டின் மேல் காரை நிறுத்துவது இன்று பெரும்பாலான இடங்களில் குற்றமல்ல. அதைக் கண்காணிக்கும் வேலையைப் போலீசிடமிருந்து உள்ளூர் கவுன்சிலுக்கு மாற்றும் வழியை 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திறந்தது. 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டப்படியான முறை 2008 மார்ச் 31 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே கார்க் கண்ணாடியில் ஒட்டப்படும் தாள் நீதிமன்றத் தண்டனை அல்ல. கவுன்சில் கேட்கும் ஒரு கடன். ஊர் வழக்கில் அது ‘டிக்கெட்’. அதை எதிர்த்து எழுதுபவரைப் பாதி கெட்டிக்காரராகவும் பாதி ஏய்ப்பவராகவும் பார்க்கும் வழக்கமும் கூடவே இருக்கிறது. அந்தப் பார்வை நியாயமா?

14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். இலண்டனுக்கு வெளியே பல ஊர்களில் பெரிய மீறலுக்கு 70 பவுண்டு. சீக்கிரம் கட்டினால் 35. அந்தக் காலத்துக்குள் எதிர்ப்புக் கடிதம் அனுப்பி அது மறுக்கப்பட்டால், பல கவுன்சில்கள் சலுகையை மறுபடி தருகின்றன. அதற்கு மேலும் வழக்காடத் துணிபவருக்கு அது கிடையாது. வாகன உரிமையாளருக்கு அறிவிப்பு வரும், அவர் முறைப்படி முறையிட வேண்டும், அதுவும் மறுக்கப்பட்டால் தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயத்தில் கட்டணம் இல்லை. ஆனால் தோற்றால் முழுத் தொகை.

சிக்கல் இங்கேதான். தவறு செய்தவருக்கு 35 பவுண்டு உண்மையிலேயே சலுகை. தவறே செய்யாதவருக்கோ அது வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் விலை. கையில் சாட்சியம் குறைவு, வீட்டில் பணமும் குறைவு என்றால், செய்யாத தவறுக்குக் கட்டிவிட்டுப் போவதே புத்திசாலித்தனமாகத் தோன்றும். எதிர்ப்பவரின் நேர்மையைச் சந்தேகிக்கும் முன், எதிர்க்காமல் கட்டியவர்களில் எத்தனை பேர் இப்படிக் கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப்பார்ப்பது நல்லது.

கடினமான கேள்வி வேறு. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது உண்மை. ஆனால் அறிவிப்புப் பலகை விதிப்படி இல்லை, அல்லது தாளில் இருக்க வேண்டிய விவரம் இல்லை. இதைச் சொல்லித் தப்புவது அறமா? வேலியில் உள்ள ஓட்டை வழியே நுழைவதாக இதைப் பலர் கருதுவர். அது சரியல்ல. கவுன்சிலின் நடைமுறைப் பிழையைச் சட்டமே எதிர்ப்புக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே இது வாசல் வழியே போவதுதான். முறையீட்டுக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால், அதை ஏற்றதாகவே கொள்ளப்படும். ஓட்டுநரின் தாமதத்துக்கு விலை கேட்கும் அமைப்பு, தன் தாமதத்துக்கும் விலை கொடுக்கத்தான் வேண்டும்.

இதனால் எல்லாம் கழுவப்பட்டுவிடாது. மாற்றுத்திறனாளிக்கான இடத்தில் அதற்குரிய நீல அட்டை இல்லாமல் நிறுத்தியவர் பலகைப் பிழையால் வென்றால், கவுன்சிலுக்கான கடன்தான் தீர்ந்தது. சக்கர நாற்காலியுடன் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு அவர் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. இல்லாத நோயைக் கடிதத்தில் சொல்வதும், ஓட்டாத உறவினர் ஓட்டியதாக எழுதுவதும் எதிர்ப்பே அல்ல, பொய்.

கவுன்சிலுக்கும் கடமை உண்டு. சாலையோர நிறுத்தத்தில் வரும் உபரியைச் சட்டம் வகுத்த செலவுகளுக்கே பயன்படுத்த முடியும். குடியிருப்போரின் அனுமதிக் கட்டணத்தை வருமானத்துக்காக உயர்த்தியது செல்லாது என்று 2013இல் இலண்டனின் பார்னெட் கவுன்சிலுக்கு எதிராக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரும் ஒவ்வொரு முறையீட்டையும் அச்சடித்த பதிலால் திருப்பி அனுப்பும் கவுன்சில், பொய் எழுதும் ஓட்டுநரைவிட மேலானதல்ல. ஏனெனில் சட்டம் வகுத்த காரணங்களில் அடங்காத, இரக்கத்துக்கு உரிய காரணம் மட்டுமே இருந்தால் தீர்ப்பாயம் தானாக அபராதத்தை நீக்க முடியாது. மறுபடி யோசிக்கும்படி கவுன்சிலிடம் பரிந்துரைக்க மட்டுமே முடியும். கடைசி முடிவு கவுன்சிலுடையது.