உலரும் நேரம்

டின்னில் வரும் பைப் புகையிலை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் செய்யப்படும் சாமுவேல் கேவித் ஃப்ளேக்குகள் இதுக்குப் பேர் போனவை. அப்படியே அடைத்துப் பற்றவைத்தால் அடிக்கடி அணையும். விடாமல் இழுத்தால் சூடான ஆவி நாக்கைச் சுடும். அதனால் உதிர்த்துக் காகிதத்தில் பரப்பி, அரை மணியோ ஒரு மணியோ காத்திருக்கிறார்கள். கிள்ளி அழுத்தினால் கட்டிக்கொள்ளாமல் விரிய வேண்டும். நொறுங்கினால் போச்சு, மணமும் போயிருக்கும்.

ஆசை வந்ததும் பாயாமல் இப்படிக் காத்திருப்பதை ஒழுக்கம்னு சொல்லலாமா?

சொல்லத் தோணுது. கையும் மூக்கும் கவனமாகின்றன, அவசரம் அடங்குது. ஆனால் ஒழுக்கம் என்றால் ஆசையிடம் ‘வேண்டாம்’ சொல்லும் வழியும் திறந்திருக்கணும். இங்கே காத்திருப்பு அந்தப் பக்கமே போவதில்லை. ‘இன்னும் நல்லா’ என்ற பக்கம்தான் போகிறது. இலை பக்குவப்பட்டதால் வாய்ப் புற்றுநோய் விலகி நிற்காது.

1943இல் வந்த ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் சார்த்தர், தான் புகையை விட முயன்றதைச் சொல்கிறார். ருசி போவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. புகையில்லாமல் பார்க்கும் நாடகமும், செய்யும் காலை வேலையும் சப்பென்று ஆகிவிடுமோ என்பதுதான் கவலை. சடங்கு அவ்வளவு தூரம் வேர்விடும். உலர்த்துவதும் அந்தச் சடங்கில் ஒரு பகுதிதான்.

பொறுமை உண்மையானதுதான். ஆனால் அது ஒரு திறமை; யார் கூப்பிட்டாலும் வேலைக்குப் போகும். பதமாக உலர்ந்ததை ஒருநாள் தொடாமல் எழுந்து போக முடிந்தால், அந்தப் பொறுமை நம்முடையது. முடியலைன்னா, புகையிலையுடையது.