விலை ஒன்று, அளவு இல்லை: பஃபே உணவும் மார்க்கச் சட்டமும்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் வட்டாரத்தில் பிரியாணி கணக்கோடு சமைக்கப்படும் உணவாகும். திருமண வீட்டில் இத்தனை கிலோ அரிசிக்கு இத்தனை கிலோ கறி என்று முடிவு செய்த பிறகே தேக்சா என்னும் பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறுகிறது. தோல் ஏற்றுமதியின் பொருட்டுப் பல நாடுகளுக்குச் சென்றுவரும் இவ்வூர் வணிகர்கள் அங்குள்ள விடுதிகளில் காணும் பஃபே முறையிலோ, விலை மட்டுமே முன்கூட்டித் தெரிகிறது. உண்ணப்போகும் அளவு விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹ், விற்கப்படும் பொருளின் அளவு அறியப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அறியப்படாத நிலையைக் 'கரர்', அதாவது ஒரு தரப்பாருக்கு இழப்பு நேரக்கூடிய நிச்சயமின்மை, என்று பெயரிட்டு விலக்குகிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு, சவூதி அரேபிய அறிஞர் ஷெய்க் ஸாலிஹ் அல் ஃபவ்ஸான் 2014இல் பஃபே முறை கூடாது என்று கருத்துரைத்தபோது பெரும் விவாதம் எழுந்தது. அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது எனினும், அதற்கு எதிராக வலுவான முன்னுதாரணம் ஒன்று உண்டு. ஹம்மாம் எனப்படும் பொதுக் குளியலகத்தில் எவ்வளவு நீர் செலவாகும், குளிப்பவர் எவ்வளவு நேரம் தங்குவார் என்பவை தெரியாமலே கட்டணம் பெறுவதை, மக்களின் வழக்கத்தையும் தேவையையும் கருதிப் பழைய சட்ட அறிஞர்கள் ஏற்றனர். தமிழகத்து உணவகங்கள் 'அளவுச் சாப்பாடு' என்று தனியே எழுதிவைப்பதே, அளவில்லாச் சாப்பாடு இங்கே எவ்வளவு இயல்பானது என்பதைக் காட்டுகிறது.

ஆகவே சிக்கல் ஒப்பந்தத்தில் இல்லை. உண்பவர் தமக்குக் கிடைத்த உரிமையை எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பதில் இருக்கிறது. சட்டவியல் 'தம்லீக்' என்னும் உடைமையாக்கலையும் 'இபாஹா' என்னும் நுகர்வதற்கான இசைவையும் வேறுபடுத்துகிறது: விருந்தினர் தம் முன் வைத்த உணவை உண்ணலாம், ஆனால் அது அவருடைய சொத்தாகிவிடுவதில்லை. பஃபேயில் பணம் தந்தவரும் இவ்விருந்தினருக்கே நெருக்கமானவர்; உணவைப் பொதிந்து எடுத்துச்செல்ல விடுதி விடுவதில்லை என்பதே இதற்குச் சான்று. கொடுத்த காசுக்கு ஈடாக உண்டாக வேண்டும் என்னும் எண்ணம் இசைவை உடைமையாகப் பிழைபடக் கருதுவதிலிருந்து பிறக்கிறது. இலைச் சாப்பாட்டில் பரிமாறுபவர் கேட்டுக் கேட்டு இடுவதால் உண்பவர் தம் பசியை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துப் 'போதும்' என்று கைகாட்ட நேர்கிறது. பஃபேயில் அவ்வாறு கேட்பவர் எவருமில்லை.

உண்ணவும் பருகவும் இசைவளிக்கும் குர்ஆனின் அல் அஃராஃப் அத்தியாயம் 31ஆம் வசனம், அதே மூச்சில் 'இஸ்ராஃப்' எனும் வரம்புமீறலையும் தடுக்கிறது. இறைவன் பெயர் சொல்லி அறுக்கப்பட்ட ஆட்டின் தோலைக்கூட வீணாக்காமல் பதனிட்டுச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கி வாழ்வு பெற்ற ஊர்களைச் சேர்ந்தவர்கள், அதே ஆட்டின் இறைச்சியைத் தட்டில் மீதம் விட்டு எழுவது தகாது.